வன்னிப் பட்டறைக்கு எந்த ஏசி: மலிவானதா, விலை கூடியதா?

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம் பக்கமாகக் குளிரூட்டி பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பட்டறைக்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: விலை குறைந்த ஸ்பிளிட் ஏசி போதுமா, அல்லது கடன்பட்டாவது பெயர்பெற்ற யப்பான் ஏசியை எடுக்கவேண்டுமா? கொழும்பில் படுக்கையறைக்கு வாங்குகிறவருக்குச் சொல்லும் விடையை, தகரத்தின் கீழ் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்குச் சொல்ல முடியாது. அறையும் மின்சாரமும் வேறு. பழுதானால் திருத்த ஆள் வந்துசேரும் தூரமும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிவு இரண்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று இருக்கின்றன: மலிவான சாதாரண ஏசி, மலிவான இன்வெர்ட்டர் ஏசி, விலை கூடிய இன்வெர்ட்டர் ஏசி. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வன்னியில் இடம் உண்டு. நடுவில் இருப்பதில், உதிரிப்பாகத்துக்கு ஆள் இல்லாத, பெயர் தெரியாத மலிவு இன்வெர்ட்டரை மட்டும் வாங்கவேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

வேறுபாடு, குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரில் தொடங்குகிறது. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் ஒன்றில் முழு வேகத்தில் ஓடும், இல்லையேல் நிற்கும். அறை குளிர்ந்ததும் நின்று, வெப்பம் ஏறியதும் மீண்டும் புறப்படும். இன்வெர்ட்டர் வகையில் ஒரு மின்னணுப் பலகை கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. அறை குளிர்ந்தபின் அது நிற்காமல் மெதுவாக ஓடும். மின்சாரம் மிச்சமாவது அந்த மெதுவான ஓட்டத்தில்தான். மலிவான இன்வெர்ட்டரும் விலை கூடிய இன்வெர்ட்டரும் இயங்கும் முறை ஒன்றே. பலகையின் தரம், வாயு ஓடும் செப்புச் சுருளின் பருமன், அதைச் சூழ்ந்த அலுமினியத் தகடுகளின் மேல் உள்ள பூச்சு, வெளியே கடும் வெயில் அடிக்கும்போது தாக்குப்பிடிக்கும் திறன், சில வருடங்களுக்குப் பிறகும் உதிரிப்பாகம் கிடைப்பது ஆகியவற்றுக்குத்தான் கூடிய விலை கொடுக்கிறோம். தொலைபேசியிலிருந்து இயக்கும் வசதிக்காகப் பட்டறைக்காரர் ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிடவேண்டும். சீனாவில் செய்தது என்பதால் ஒரு ஏசி தரமற்றதாகிவிடாது. க்ரீ, மீடியா போன்றவை உலகிலேயே மிகப் பெரிய ஏசி உற்பத்தியாளர்களில் சில. டைக்கின், மிட்சுபிஷி எலக்ட்ரிக், பானாசோனிக் என்று யப்பானியப் பெயர் தாங்கிய ஏசிகளிலும் பல யப்பானுக்கு வெளியேதான் தயாராகின்றன. நான் பெயர் தெரியாதது என்று சொல்வது, இறக்குமதி செய்தவரின் ஒட்டுத்தாள் மட்டும் பெட்டியில் இருந்து, உற்பத்தி செய்தவர் யார், பலகை எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரே சொல்ல முடியாத ஏசிகளைத்தான்.

மின்னழுத்தம்

இலங்கையில் வீட்டுக்கும் கடைக்கும் வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை இருக்கவேண்டும். மின்மாற்றிக்கு அருகில் உள்ள பட்டறைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நீண்ட கம்பி வழியின் கடைசியில், பக்கத்தில் அரிசி ஆலையும் வெல்டிங் பட்டறையும் இருக்கும் இடத்தில், பிற்பகல் வேளையில் மீற்றரை வைத்துப் பார்த்தால் 200 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவது உண்டு.

சாதாரண கம்ப்ரசர் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப்போல நான்கைந்து மடங்கை இழுக்கிறது. மின்னழுத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் அந்தக் கணத்தில் இன்னும் விழும். கம்ப்ரசர் உறுமும், சுழலாது. சூடேறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்தும். ஆறியபின் மீண்டும் முயலும். ஒரு கோடை முழுவதும் இப்படி முயன்ற கம்ப்ரசரின் மோட்டார்ச் சுருள் கருகிப்போவதில் வியப்பில்லை. எனவே கம்பி வழியின் கடைசியில் இருப்பவர் மலிவான சாதாரண ஏசியை வாங்கினால், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரின் விலையையும் ஏசியின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும். ஒன்றரை டன் ஏசிக்கு 5 கேவிஏ கொள்ளளவு உள்ள ஸ்டெபிலைசர் தேவைப்படும். அதைச் சேர்த்ததும் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது.

இன்வெர்ட்டருக்கு அந்தச் சிரமம் இல்லை. அது மெதுவாகப் புறப்படுகிறது. நல்ல நிறுவனங்களின் கையேட்டில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை இயங்கும் என்று எழுதியிருக்கும். 160 வோல்ட் அளவிலும் இயங்கக்கூடியவை உண்டு. இதே காரணத்தால் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரில் ஓட்டுவதற்கும் இன்வெர்ட்டரே ஏற்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்க முடியாது. சாதாரண ஒன்றரை டன் ஏசியைப் புறப்பட வைக்க வேண்டியிருக்கும் ஒரே காரணத்துக்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கிய பட்டறைகள் உண்டு.

ஆனால் இன்வெர்ட்டருக்கும் ஒரு பகை இருக்கிறது: இடியும், போன மின்சாரம் திரும்பி வரும்போது எழும் திடீர் மின் உயர்வும். வன்னியில் இடிமழை அதிகம் வருவது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும். அப்போது எரிவது பலகை. அதைத் தடுக்கப் பிரதான மின்பெட்டியில் மின்னுயர்வுப் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பூட்டவேண்டும். அந்தக் கருவி வேலை செய்யவேண்டுமானால் நிலத்தொடுப்பு ஒழுங்காக இருக்கவேண்டும். பல பட்டறைகளில் எர்த் கம்பி என்ற பெயரில் காய்ந்த நிலத்தில் இரண்டடி இறக்கிய ஓர் இரும்புத் துண்டுதான் இருக்கிறது. ஆடி, ஆவணியில் மண் வறண்டு இறுகும்போது அந்தக் கம்பியால் பயன் மிகக் குறைவு. கம்பியை ஆழமாக, முடிந்தால் கிணற்றடி அல்லது தண்ணீர் வழியும் பக்கமாக இறக்குங்கள். இது ஏசிக்காக மட்டும் சொல்வதல்ல. பட்டறையில் இரும்புத் துறப்பணத்தைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் உயிரும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

பழுதானால் யார் வருவார்?

கொழும்பில் ஒரு ஏசி பழுதானால் மாலைக்குள் ஆள் வந்துவிடும். முல்லைத்தீவிலோ, மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் ஏ34 வீதியில் ஒட்டுசுட்டானிலோ பழுதானால், வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோதான் நிறுவனத்தின் ஆள் வரவேண்டும். உத்தரவாதம் பத்து வருடம் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். வாசித்துப் பார்த்தால் பல நேரங்களில் அது கம்ப்ரசருக்கு மட்டுமே. பலகைக்கு ஒரு வருடம்தான் இருக்கலாம். ஆளின் கூலியும் போக்குவரத்துச் செலவும் உங்கள் தலையில் இருக்கலாம்.

சாதாரண ஏசியின் பெருமை இங்கேதான் தெரியும். அதில் பெரும்பாலும் பழுதாவது கபாசிட்டர், மின்விசிறி மோட்டார், ரிலே. கபாசிட்டரின் அளவு அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். கிளிநொச்சிச் சந்தைக்கு அருகில் மின் பொருட்கள் விற்கும் கடையிலேயே வாங்கலாம்; விவரம் தெரிந்த எந்தத் திருத்துநரும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். பட்டறை அன்றே மீண்டும் இயங்கும்.

இன்வெர்ட்டரில் பெரும்பாலும் பழுதாவது பலகை. அது அந்த மாதிரிக்கே உரியது. இன்னொன்றின் பலகையைப் போட முடியாது. பெயர்பெற்ற நிறுவனமானால் முகவர் மாதிரி இலக்கத்தைக் கேட்டுப் பலகையை வரவழைப்பார். நாட்கள் எடுக்கும், விலையும் கனக்கும், ஆனால் வரும். பெயர் தெரியாத மலிவு இன்வெர்ட்டரில் அந்தப் பலகை எங்கும் கிடைக்காது. 2022 இல் ரூபாயின் பெறுமதி சில வாரங்களுக்குள் டொலருக்கு 200 இலிருந்து 350 ஐத் தாண்டி விழுந்தபோது, சிறு இறக்குமதியாளர்கள் பலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த ஏசிகள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, சுருள் நன்றாக இருக்கிறது, பலகை இல்லை. நடுத் தெரிவை நான் வேண்டாம் என்பதற்கு முதற்காரணம் இதுதான். அது இன்வெர்ட்டரின் மென்மையைக் கொண்டிருக்கிறது, இன்வெர்ட்டருக்குத் தேவையான ஆதரவைக் கொண்டிருக்கவில்லை.

பல்லிகளையும் எறும்புகளையும் இந்த இடத்தில் சொல்லியாகவேண்டும். சூடான பலகையைத் தேடி வெளிப்பெட்டிக்குள் நுழையும் பல்லி இரண்டு முனைகளை ஒருசேரத் தொட்டால் பலகை எரிந்துவிடும். வயலும் காடும் அருகில் இருக்கும் பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கிறது. விலை கூடிய ஏசிகளில் பலகையை மூடிய பெட்டிக்குள் வைத்து, மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் கடையில் காட்சிக்கு வைத்திருப்பதன் வெளிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

எத்தனை மணி நேரம் ஓடும்?

இனிப் பணக் கணக்கு. ஏசியின் விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் அவற்றை இங்கே எழுதுவதில் பயனில்லை. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றல். ஒன்றரை டன் ஏசி 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, சாதாரண வகையானால் 1.8 கிலோவாட் அளவில் மின்சாரம் எடுக்கும். கம்ப்ரசர் நேரத்தின் முக்கால் பங்கு ஓடுகிறது என்று கொண்டால் சராசரி 1.35 கிலோவாட். அதே அறையில் நல்ல இன்வெர்ட்டர் ஒன்றின் சராசரியை 0.85 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு அரை அலகு மிச்சம்.

பரந்தனில் ஒரு தையல் கூடம், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு 25 நாள், மாரி மூன்று மாதங்களை விட்டு ஒன்பது மாதம். மொத்தம் 1,800 மணி நேரம். மிச்சம் 900 அலகு. அலகு ஒன்று 30 ரூபாய் என்று கொண்டால் வருடத்துக்கு 27,000 ரூபாய். இரண்டு ஏசிகளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். நான்கைந்து வருடத்துக்குள் வந்தால் விலை கூடியதை எடுப்பதில் தயங்கத் தேவையில்லை.

அதே ஏசி தொலைபேசி திருத்தும் சிறு கடையில், கோடையின் உச்சத்தில் மட்டும், நண்பகலில் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்றால்? 120 நாளுக்கு 240 மணி நேரம், 120 அலகு மிச்சம், 3,600 ரூபாய். அந்த வித்தியாசத்தை ஏசி பழையதாகிப் போகும்வரை மீட்க முடியாது. இந்தக் கடைக்காரர் மலிவான சாதாரண ஏசியை வாங்கட்டும், மனச்சஞ்சலம் வேண்டாம்.

உங்கள் கட்டணப்பட்டியலில் நீங்கள் எந்த வகையில் இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பொதுத் தேவை வகையைவிடக் கைத்தொழில் வகைக்குக் கட்டணம் குறைவு. உற்பத்தி செய்கிற பட்டறையாக இருந்தும் கடை என்ற வகையில் பல வருடமாகக் கட்டிவருகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்தில் வகையை மாற்ற விண்ணப்பிக்கலாம். ஏசி வந்தபின் அலகுகள் கூடி மேல்படிக்குப் போகும்போது இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும்.

கூரை

மேலே சொன்ன கணக்கு ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறது: அறை குளிரும், குளிர்ந்தபின் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைக்கும் என்ற எடுகோளை. அறை குளிராவிட்டால் இன்வெர்ட்டரும் நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடும். அப்போது அதற்கும் சாதாரண ஏசிக்கும் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடும். விலை கூடியதை வாங்கியும் மின்கட்டணம் குறையவில்லை என்று வருந்துகிறவர்களின் பட்டறைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மேலேதான். வெறும் தகரம், அல்லது வெறும் அஸ்பெஸ்டஸ், சீலிங் கிடையாது, சுவருக்கும் கூரைக்கும் இடையே கை நுழையும் இடைவெளி.

உச்சி வெயிலில் தகரம் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை. நெருப்பின் முன் நின்றால் முகத்தில் அறைவதைப்போல நேரே கீழே இறங்கி, வேலை செய்கிறவரின் தலையிலும் தோளிலும் படுகிறது. அறைக் காற்று 26 பாகையாக இருந்தாலும் தலைக்கு மேலே சுடும் தகரம் இருந்தால் உடம்பு வெக்கையைத்தான் உணரும். அதனால் இன்னும் குறை, 18 இல் வை என்பார்கள். ஏசி திணறும்.

எனவே பட்டறைக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் கூரைக்குச் செலவிடுங்கள். தகரத்தின் கீழே ஒரு பக்கம் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய மென்படலம், அதன் கீழே சிறு இடைவெளி விட்டு ஒரு சீலிங், அந்த இடைவெளியின் இரண்டு முனையிலும் சூடான காற்று வெளியேற வலையடித்த துவாரம். கூரையின் மேலே வெள்ளை நிறப் பூச்சு. முழுக் கூடத்தையும் குளிரூட்ட நினைக்கவேண்டாம்; நுண்ணிய வேலை நடக்கும் பகுதியை மட்டும் தடுத்து அறையாக்குங்கள். கதவுக்குத் தானாக மூடும் கொழுவி பூட்டுங்கள். இவ்வளவையும் செய்த அறைக்கு ஒரு டன் போதும். செய்யாத அதே அறைக்கு இரண்டு டன்னும் போதாது. இரண்டு டன் மலிவு ஏசிக்கும் ஒரு டன் நல்ல ஏசிக்கும் விலை எவ்வளவு நெருங்கிவருகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் ஏசிக் குழாய்க்காகக் கூரைத் தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடானது. குழாயைச் சுவர் வழியாகக் கொண்டுபோங்கள்.

அறைக்குள் நாமே உண்டாக்கும் வெப்பமும் இருக்கிறது. தையல் கூடத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் வேலை செய்தால் அவர்களின் உடம்பிலிருந்து மட்டும் ஒரு கிலோவாட் அளவு வெப்பம் வரும். பழைய கிளட்ச் மோட்டார் பூட்டிய தையல் இயந்திரங்கள் தைக்காமல் நிற்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டு மோட்டார், ஒவ்வொன்றும் 250 வாட் என்றால் இன்னும் இரண்டு கிலோவாட். கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி, ஆட்களுக்கும் மோட்டாருக்குமே சரியாகிவிட்டது. கால் மிதிக்கும்போது மட்டும் ஓடும் சேர்வோ மோட்டாருக்கு மாறினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி இல்லாமல் போகும், மின்கட்டணமும் குறையும். ஸ்திரிக்கை மேசையைக் குளிரூட்டிய அறைக்கு வெளியே வையுங்கள். ஆயிரம் வாட் ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று தொடர்ந்து சூடேறும் நேரத்தில் மணிக்கு 3,400 பிடியு வெப்பத்தை அறைக்குள் கொட்டுகிறது. தங்கள் உழைப்பில் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் வன்னியில் இப்படிச் சிறு கூடங்களை நடத்துகிறார்கள். அவர்களிடம் பெரிய ஏசியை விற்றுவிட்டுப் போவது இலகு. மோட்டாரை மாற்றச் சொல்லி, மேசையை நகர்த்தச் சொல்லி, சிறிய ஏசி போதும் என்று சொல்வதுதான் நியாயம்.

தொழிலுக்குத் தொழில்

தையல் கூடத்துக்கு விலை கூடிய இன்வெர்ட்டர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீண்ட நேரம் ஓடுகிறது. ஆட்கள் அமர்ந்து செய்யும் வேலை. வியர்வை துணியில் படக்கூடாது. நூல் பஞ்சு வடிகட்டியை அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை கழுவவேண்டும். கழுவாத வடிகட்டி இருந்தால் எந்த விலை ஏசியும் பனிக்கட்டி பிடித்து ஒழுகும்.

தொலைபேசி, கணினி திருத்துகிறவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கே வழிகாட்டும். உழவு இயந்திரங்களின் டீசல் இன்ஜெக்டர் பம்பைப் பிரித்துச் சரிபார்க்கும் அறைக்கு, குளிர்ச்சியைவிடத் தூசி நுழையாமல் மூடிவைக்க முடிவதே பயன். அங்கே சிறிய ஏசி போதும்.

கராஜ் நடத்துகிறவர்களுக்கு மிகவும் அழுத்தமாக ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஏசி போட்டு மூடிய இடத்தில் எஞ்சினை இயக்கினால் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். எஞ்சின் இயங்கும் கூடத்துக்குப் பெரிய மின்விசிறிகளும் திறந்த பக்கங்களும்தான் வேண்டும். ஏசி வேண்டுமானால் கணக்கு எழுதும் அறைக்கும் வாடிக்கையாளர் இருக்கும் அறைக்கும் போடுங்கள். அதற்கு மலிவானதே போதும். நிறம் தெளிக்கும் அறைக்கும் இதே எச்சரிக்கைதான். தின்னர் ஆவி சேரும் இடத்தில் தீப்பற்ற ஏசியின் ரிலே எழுப்பும் ஒரு பொறி போதும்.

தச்சுப் பட்டறையிலும் மோட்டார் சுற்றும் பட்டறையிலும் வார்னிஷ், பசை ஆகியவற்றின் ஆவி செப்புச் சுருளை நாளடைவில் அரிக்கிறது. எறும்புப் புற்றுக்குள் ஓடும் வழிகள் போன்ற நுண்ணிய துளைகள் விழும். வாயு கசியும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே விலை கூடியதை வாங்கினாலும் தப்ப முடியாது. வார்னிஷ் பூசும் இடத்தைப் பிரித்துவையுங்கள்.

கடற்கரையும் காற்றும்

முல்லைத்தீவு, அளம்பில், மன்னார்க் கரையோரம் என்றால் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளைத் தின்னும். பூச்சு இல்லாத மலிவு ஏசியின் தகடுகள் அங்கே சில வருடங்களில் தூளாக உதிர்வதைக் காணலாம். கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருப்பவர்களுக்குப் பூச்சுப் பூசிய செப்புச் சுருள்தான் என் பரிந்துரை. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் சரி. உப்பு மணிக்கணக்குப் பார்ப்பதில்லை.

உள்நாட்டில் தொல்லை செம்மண் தூசி. வைகாசியிலிருந்து வீசும் சோளகக் காற்று அதை அள்ளிக்கொண்டு வரும். வெளிப்பெட்டியின் விசிறி தென்மேற்கைப் பார்த்திருந்தால் எதிர்க்காற்றோடு போராடும், தூசியும் படியும். வடக்குச் சுவர் நிழலாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் வன்னியில் சற்று வடக்கே நிற்கும். நமக்கு ஏசி தேவைப்படும் மாதங்களும் அவைதான். கூரைத் தாழ்வாரம் நீண்ட கிழக்குச் சுவரே சிறந்தது. மேலே கிடுகால் ஒரு சிறு பந்தல் போடலாம். பெட்டியின் முன்னும் பக்கமும் காற்று தாராளமாகப் போகவேண்டும். நிலத்தில் வைக்காமல் சுவரில் உயரமாகப் பூட்டுங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பழைய ஏசியை மெருகூட்டி விற்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். அவற்றில் பல ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவில் ஓடுபவை. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற நாடுகளும் 2030 அளவில் அந்த வாயுவைக் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்தவேண்டும். வருடத்துக்கு வருடம் அது கிடைப்பது அரிதாகும். புதியவற்றில் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ இருக்கும். ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையது, ஆனால் புவி வெப்பமாதலுக்கு அதன் பங்கு ஆர்-410ஏயின் மூன்றில் ஒரு பங்குதான். எந்த வாயுவானாலும் அது எரிபொருள்போலத் தீர்ந்துபோவதில்லை. வருடாவருடம் வாயு நிரப்பவேண்டும் என்று ஒருவர் சொன்னால் உங்கள் ஏசியில் கசிவு இருக்கிறது, அவர் அதை அடைக்கவில்லை என்பதே பொருள்.

இந்தக் கசிவுகளில் பெரும்பாலானவை பூட்டிய நாளிலேயே தொடங்குகின்றன. விலை கூடிய ஏசியை அவசரக்காரர் பூட்டினால் அது மலிவு ஏசியைவிட முன்னதாகக் கெடும். எனவே பூட்டும் ஆளைத் தெரிவுசெய்வதும் இந்த ஒப்பீட்டின் பகுதியே. குளிரூட்டல் தொழிலுக்கான தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசிக்கெனத் தனி மின்வடமும் தனி பிரேக்கரும் போடுகிறாரா என்று பாருங்கள். குழாய்களை இணைத்தபின் வெற்றிடப் பம்பை மாட்டிக் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் மானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று அவர் காட்டவேண்டும். பம்ப் இல்லாமல், சிறிது வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றலாம் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொருவர் வரும்வரை ஏசியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.